பாய் புதிது, பிணம் பழசு!

“யா அல்லாஹ்...!”

சரீபா போட்ட அலறலில் நெசவுக் கொட்டிலின் தகரக் கூரையே அதிர்ந்தது.

2009ஆம் ஆண்டு. நோன்புப் பெருநாள் காலை. மருதமுனைக் கடற்கரைத் திடலில் தொழுகை முடிந்து, சனம் ஒருவரை ஒருவர் கட்டித் தழுவிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம்.

சரீபாவும் தொழுதுவிட்டுத்தான் வந்தாள். புருஷனைத் தேடினாள். வீட்டுக்குள் இல்லை. பின்னால் இருந்த கொட்டிலை எட்டிப் பார்த்தாள்.

இருந்தான்!

முனாப் தறிக்குழிக்குள் குப்புறக் கிடந்தான். புதுச் சாரன். புதுச் சேட்டு. பின்மண்டையில் தறியின் மேல்கட்டை. அத்தர் வாசத்தை மீறிக்கொண்டு இரத்த வாடை...

பொலிஸ் வந்தது. பார்த்தது. விபத்து என்றது.

சுனாமிக்குப் பிறகு எவனோ வெளிநாட்டான் கட்டிக் கொடுத்த கொட்டில். கட்டையைத் தூக்கிப் பிடித்த கயிறு உக்கிவிட்டது. அறுந்தது. விழுந்தது. தறியில் இருந்தவன் செத்தான். அரை மணித்தியாலத்தில் விசாரணை முடிந்து, வந்தவர்கள் அடுத்த வீட்டில் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெருநாள் காலையில் குளித்து, புதுசு உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு எந்த நெசவாளியாவது தறிக்குழியில் இறங்குவானா?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் கேள்வி. காக்கிச்சட்டை போட்ட மூன்று பேருக்கு அது வரவில்லை!

கேட்டவள் சரீபா மட்டும்தான். கேட்டதோடு நிற்கவில்லை. ஒரு பெயரையும் சொன்னாள்.

காலிதீன்!

கல்முனைக் கடைத்தெருவில் விளையாட்டுச் சாமான் விற்கிற முதலாளி. பந்து விற்பான். மட்டை விற்பான். கேடயம் விற்பான். கடற்கரையில் நடக்கிற மென்பந்து கிரிக்கெட் போட்டிகள் அத்தனைக்கும் அவன்தான் தலைவன். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. பரிசு கொடுக்கும்போது போட்டோவுக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று நன்றாகத் தெரியும்.

பெருநாளைக்கு இரண்டு நாள் முந்தி அவன் கொட்டிலுக்கு வந்து முனாப்போடு சண்டை பிடித்திருந்தான்.

ஒரு பாய்க்காக!

கிரிக்கெட் விளையாடுகிற பாய். கடற்கரை மணலில் பந்து குத்தினால் எழும்பாது. பாய் விரித்தால் காற்று தூக்கும். ஆணி அடித்தால் மணல் பிடிக்காது. முனாப் ஒரு வேலை செய்தான். இரண்டு அடுக்காகப் பாய் நெய்தான். குறுக்கு நூலுக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டியூபைக் கீலம் கீலமாக வெட்டிக் கொடுத்தான். நீளப்பக்க விளிம்பு இரண்டிலும் அடுக்கைப் பிரித்து, குழாய் மாதிரி விட்டுவிட்டான்.

விளையாடுகிற இடத்து மணலையே அள்ளி அந்தக் குழாயில் நிரப்பினால் முடிந்தது. பாய் அசையாது! ஆட்டம் முடிந்தால் மணலைக் கொட்டிவிட்டுச் சுருட்டிக்கொண்டு போகலாம்.

காலிதீன் அதைத் தன் பெயரில் பதிய வேண்டும் என்று கேட்டான். முனாப் முடியாது என்றான். பெருநாள் அன்று முனாப் செத்துப்போனான். கொட்டிலில் இருந்த ஒரேயொரு கிரிக்கெட் பாயும் அன்றே காணாமல் போனது.

இதையெல்லாம் சரீபா சொன்னாள். சப் இன்ஸ்பெக்டர் தங்கரத்தினம் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டார். பிறகு வேண்டாவெறுப்பாகக் காலிதீனை விசாரித்தார்.

காலிதீன் சிரித்தான். தொழுகை நேரம் திடலில், இமாமுக்குப் பின்னால், முதல் வரிசையில் நின்றதாகச் சொன்னான். பக்கத்தில் நின்ற ஆளையும் காட்டினான். ஜவுபர். போட்டிகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிற நாற்பது வயது அறிவிப்பாளன். தானும் முதலாளியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றதாக அவன் சத்தியம் பண்ணினான்.

பொலிஸ் புத்தகத்தில் எழுதியாயிற்று. புத்தகத்தை மூடியாயிற்று.

முனாப்பை அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கியாயிற்று.

*

2011ஆம் ஆண்டு, பங்குனி மாதம். காரைதீவில் ஒரு டெலிபோன் அலறியது.

எடுத்தவள் தக்சாயினி. நெசவுத் தொழில்நுட்பம் படித்தவள். கொழும்பில் ஆக்கவுரிமை கொடுக்கிற கந்தோர் இருக்கிறதே... பேட்டன்ட் என்பார்கள். அங்கே பதிய வருகிற சாமான் புதுசா பழசா என்று துருவிப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பது அவள் தொழில். அவள் ‘புதுசு’ என்று எழுதினால், விண்ணப்பம் போட்டவனைத் தவிர வேறு எவனும் இருபது வருஷத்துக்கு அதைச் செய்யக் கூடாது. ‘பழசு’ என்று எழுதினால் யாரும் செய்யலாம்.

கல்முனையில் இருந்து ஒரு விண்ணப்பம் வந்திருப்பதாகப் போனில் சொன்னார்கள். மணலில் விரிக்கிற கிரிக்கெட் பாய். டுபாயில் ஒரு கம்பனி வாங்கக் காத்திருக்கிறதாம். பக்கத்து ஊர்தானே, நேரில் போய்ப் பார்த்து எழுதும்படி சொன்னார்கள்.

விண்ணப்பம் போட்டவன் பெயர் காலிதீன்!

கெட்டிக்காரன். செத்த சூடு ஆறட்டும் என்று பதினைந்து மாதம் பொறுத்துத்தான் விண்ணப்பம் போட்டிருந்தான். அதற்குள் யுத்தம் முடிந்த கதையும் பழசாகிவிட்டது. ரோட்டில் ஆமிக்காரனின் மண்மூட்டைகள் குறைந்தன. கொழும்புக் கம்பனிகளின் விளம்பரப் பலகைகள் கூடின. மண்மூட்டைக்குப் பின்னால் நின்றவனுக்காவது என்ன வேண்டும் என்று தெரிந்தது. பலகைக்குப் பின்னால் நின்றவனை நம்ப முடியவில்லை.

தக்சாயினி கடைக்குப் போனாள். காலிதீன் குளிர்பானம் உடைத்துக் கொடுத்தான். பாயை விரித்துக் காட்டினான். பந்தைப் போட்டுக் காட்டினான். பந்து நெஞ்சுயரத்துக்கு எழும்பியது.

“சுனாமியில ஊர் அழிஞ்ச கவலயில ஒரு நாள் கடற்கரையில குந்தி இருந்து யோசிச்ச மிஸ். அப்பதான் இது மூளைக்கு வந்த.”

இதில் எது பாவு, எது ஊடை என்று அவள் கேட்டாள். பாவு என்றால் நீளத்துக்கு ஓடுகிற நூல். ஊடை என்றால் குறுக்கே ஓடுவது. தறிக்காரன் வீட்டுக் கோழிக்கும் தெரிந்த விஷயம். காலிதீன் குறுக்கே ஓடினதைக் காட்டிப் பாவு என்றான்.

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

“விண்ணப்பம் போடுறதுக்கு முதல் இத வெளியில யாருக்கும் காட்டின நீங்களா?”

“ஒரு குருவிக்கும் காட்டல்ல.”

தக்சாயினி ஒரு மாதம் தேடினாள். வெள்ளைக்காரன் காலத்தில் கயிற்றுப் பாயில் கிரிக்கெட் விளையாடியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் ஆணி. றப்பர் போட்ட பாயும் உலகம் முழுக்கக் கிடக்கிறது. ஆனால் தறியிலேயே விளிம்பைக் குழாயாக விட்டு, மணல் நிரப்பிப் பாயை நிறுத்துகிற வேலையை எந்த நாட்டுக் கடதாசியிலும் காணவில்லை. காலிதீனும் அந்த மணல் விளிம்பைத்தான் புதுசு என்று கேட்டிருந்தான்.

‘புதுசு’ என்று எழுதப் பேனையை எடுத்துவிட்டாள்!

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றாள் சரீபா.

*

பேட்டன்ட் சேதியும், அதை எழுதப் போவது யார் என்பதும் அவளுக்குக் கிடைத்திருந்தது. காலிதீனே சொல்லி அனுப்பியிருந்தான். புருஷன் செத்த பிறகு சரீபா தறியில் இறங்கி, தை மாதம் தொடக்கம் இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கு அதே கிரிக்கெட் பாயை நெய்து கொடுத்தாள். பேட்டன்ட் கைக்கு வந்த மறுநாள் நாலு தறியும் வழக்கில் கோட்டுக்கு வரும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

நாலு தறி. நாலு அடுப்பு. அத்தனையும் இந்தப் பிள்ளையின் பேனை முனையில் தொங்கியது!

“அது என்ட மனுசன் நெய்ஞ்ச பாய் புள்ள. அந்தப் பாய்க்காகத்தான் அவரக் கொல செஞ்ச.”

தக்சாயினி இரக்கப்பட்டாள். ஆனால் படித்தவர்கள் இரக்கப்பட்டாலும் சட்டத்தைத்தான் சொல்லுவார்கள்.

“ராத்தா, யார் செஞ்ச, யார் களவெடுத்த எண்டதெல்லாம் கோட்டுல கேக்கிற கேள்வி. என்ட கடதாசியில ஒரே கேள்விதான். இது புதுசா, இல்லையா?”

சரீபா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“இருநூறு பேர் நெத்திய வெச்ச பாய் எப்படிப் புள்ள புதுசாகும்?”

தக்சாயினியின் பேனை கீழே விழுந்தது.

சரீபா சொன்னாள். முனாப் முதலில் நெய்தது கிரிக்கெட் பாய் இல்லை. தொழுகைப் பாய்! கடற்கரைத் திடலில் பெருநாள் தொழுகை என்றால் சுனாமி நிவாரணத்துக்கு வந்த நீலப் படங்குகளைத்தான் விரிப்பார்கள். பிளாஸ்டிக் படங்கு. காற்று தூக்கி இமாமின் முகத்தில் அடிக்கும். அதைப் பார்த்துத்தான் முனாப்புக்கு மணல் விளிம்பு யோசனை வந்தது. றப்பர் போடாமல், வெறும் நூலில், முதல் இரண்டு வரிசைக்குப் போதுமான பாய்களை நெய்தான். தன் பெயர் வெளியே வரக் கூடாது என்று மனதுக்குள் நிய்யத்து வைத்தான். பெண்சாதிக்கும் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் பக்கீருக்கும் மட்டும்தான் தெரியும். 2009 நோன்புப் பெருநாள் அன்று விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பக்கீரும் அவனுமாகத் திடலில் விரித்தார்கள். விரித்துவிட்டுக் குளிக்க வீட்டுக்கு வந்தான்.

வந்தவன் திரும்பிப் போகவே இல்லை...

தக்சாயினி அப்போதே முச்சக்கரவண்டி பிடித்துப் பள்ளிவாசலுக்குப் போனாள். பக்கீர் சாமான் அறையைத் திறந்தார். மூலையில் சுருட்டி வைத்த பாய்கள். ஒன்றை உதறினாள். விளிம்புக் குழாயில் இருந்து கடற்கரை மணல் கொட்டியது!

அதற்குப் பிறகு வந்த பெருநாள்களுக்கெல்லாம் மழை பெய்ததாகவும், தொழுகை பள்ளிக்குள்ளேயே நடந்ததாகவும், அதனால் பாய் வெளியே வரவில்லை என்றும் பக்கீர் சொன்னார். இவ்வளவு நாளும் இதை ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டாள். யாரும் கேட்கவில்லை என்றார்.

மெய்தான். முனாப் செத்த செய்தியோடு அந்தப் பெருநாள் முடிந்துபோயிற்று. பாயைப் பற்றிக் கதைக்க ஊருக்கு நேரம் இல்லை.

சட்டம் சுலபமானது. விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவெளியில் வந்த சாமான் புதுசு இல்லை. சொந்தக்காரனே காட்டிவிட்டாலும், ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பம் போட்டால் மன்னிப்பு உண்டு. காலிதீன் போட்டது பதினைந்து மாதம் கழித்து! கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த கூலி.

தக்சாயினி முறைப்படி அவனுக்குக் கடிதம் எழுதினாள். 2009 நோன்புப் பெருநாளில் இதே மணல் விளிம்புப் பாய் பொதுவெளியில் விரிக்கப்பட்டதாக ஆட்சேபம் வந்திருக்கிறது, உங்கள் பதில் என்ன என்று கேட்டாள்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. லோயர் வைத்து, முத்திரை குத்தி, சத்தியக் கடதாசியாகவே வந்தது!

*

தக்சாயினி அந்தக் கடதாசியோடு சரீபாவின் கொட்டிலுக்குப் போனாள். முகம் செத்திருந்தது.

அவன் ஒரேயடியாக மறுத்துவிட்டான் என்றாள். பக்கீர் சொல்வதற்கு எதிராக அவன் சத்தியம் செய்துவிட்டான், பெரிய லோயர் வைத்து வருஷக்கணக்காக இழுப்பான், அதுவரைக்கும் தறியை ஓட விடமாட்டான் என்றாள்.

சரீபா தறியை நிறுத்தவில்லை. வாசிக்கச் சொன்னாள்.

தக்சாயினி வாசித்தாள்.

“மேற்படி தினத்தில் நான் கடற்கரைத் திடலில் முதல் வரிசையில் நின்று தொழுதேன். வழமைபோல நீலப் படங்குகளே விரிக்கப்பட்டிருந்தன. வழமைபோல வரிசைக்குக் கயிறு கட்டப்பட்டிருந்தது. மேற்படி பாய் எதுவும் அங்கு இருக்கவில்லை என்று சத்தியம் செய்கிறேன்.”

டக்!

தறி நின்றது.

“மறுகா ஒருக்கா வாசி புள்ள. என்ன கட்டியிருந்தது எண்டு எழுதியிரிக்கான்?”

“கயிறு. வரிச நேரா நிக்கிறதுக்குக் கட்டுற கயிறு.”

சரீபா குழியில் இருந்து மெல்ல எழும்பினாள். 

“நான் திடலுக்கு வெளிக்கிடக்குள்ள அவர் குளிக்கப் போன. சிரிச்சிட்டுப் போன. ‘பக்கீர் காக்கா வழமபோல கயித்தத் தூக்கிட்டு வந்த, நான் திருப்பி அனுப்பிட்டன், பாய்ட விளிம்புல குதிய வெச்சா வரிச தன்னால நேராகும்’ எண்டு சொன்ன. எனக்கிட்ட அவர் கதைச்ச கடைசிக் கத அதுதான்.”

“அப்ப அந்தப் பெருநாளைக்குக் கயிறே இல்ல?”

“இல்ல.”

தக்சாயினி தலையை ஆட்டினாள். அவன் பாயைப் பற்றிச் சொன்ன மாதிரிக் கயிற்றைப் பற்றியும் பொய்தான் சொல்லியிருக்கிறான் என்றாள். பட்டம் வாங்கின மூளை அவ்வளவு தூரம்தான் ஓடியது!

“பொய் சொல்லல்ல புள்ள. பாயப் பத்திப் பொய் சொன்னா அவனுக்கு ஆதாயம் இரிக்கி. கயித்தப் பத்திப் பொய் சொல்லி அவனுக்கு என்ன ஆதாயம்?”



தக்சாயினி கடதாசியைத் திரும்பப் பார்த்தாள். ‘வழமைபோல’... ‘வழமைபோல’... அவன் மறைக்கவில்லை! ஒவ்வொரு வருஷமும் இருக்கிறதை நினைத்து எழுதியிருக்கிறான். கயிறு இருந்தது என்று அவன் மெய்யாகவே நம்புகிறான்.

ஏனென்றால்... அன்றைக்கு அவன் அந்த இடத்திலேயே இல்லை!

*

சப் இன்ஸ்பெக்டர் தங்கரத்தினம் அசையவில்லை. கயிற்றுக்கும் பாய்க்கும் எல்லாம் பழைய புத்தகத்தைத் திறக்க முடியாது என்றார். அப்படியானால் இதே கேள்வியைக் கொழும்பில் உள்ள அவருடைய மேலதிகாரியிடம் எழுத்தில் கேட்கப் போவதாகத் தக்சாயினி சொன்னாள்.

தங்கரத்தினம் தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்தார். பதவி உயர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது எந்த அதிகாரிக்கும் நீதி உணர்ச்சி பொங்கும்!

பிற்பகல் மூன்று மணி. காலிதீனின் கடைப் பின்னறை. காலிதீன் சுழல் கதிரையில் இருந்தான். எதிரே ஜவுபர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். டுபாய்க்குப் போனால் எந்த ஹோட்டலில் தங்குவது என்பதுதான் பேச்சு.

தங்கரத்தினம் உள்ளே வந்தார். பின்னால் தக்சாயினி. அவளுக்குப் பின்னால் பக்கீர். கடைசியாகச் சரீபா.

தங்கரத்தினம் இரண்டு கடதாசிகளை மேசையில் போட்டார். ஒன்று, 2009இல் பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலம். மற்றது, போன மாதம் கந்தோருக்குக் கொடுத்த சத்தியக் கடதாசி.

பக்கீர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பெருநாளில் முதல் இரண்டு வரிசைக்கும் முனாப்பின் பாய்தான் விரித்ததாகவும், கயிறு கட்டவே இல்லை என்றும் சொன்னார்.

காலிதீனின் சிரிப்பு பாதியில் நின்றது.

“லோயர் எழுதின. நான் கையெழுத்து மட்டும்தான் வெச்ச.”

லோயர் திடலுக்கு வந்தாரா என்று தங்கரத்தினம் கேட்டார்.  தக்சாயினி கதிரையை இழுத்துப் போட்டு அவனுக்கு நேரே இருந்தாள்.

“ரெண்டுல ஒண்டுதான் முதலாளி. கயிறும் படங்கும் இருந்த எண்டா நீங்க அங்க நிக்கல்ல. நீங்க நிண்டது மெய் எண்டா, பாயக் கண்டிருக்கணும். எது?”

மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது. 

பாயைக் கண்டேன் என்றால் பேட்டன்ட் போய்விடும். காணவில்லை என்றால் கழுத்து போய்விடும்!

மனிதப் பிறவியாக இருந்தால் ஒரு கணத்தில் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். காலிதீன் யோசித்தான். முழுதாக ஒரு நிமிஷம் யோசித்தான். டுபாயை விட மனம் வரவில்லை!

கடைசியில் வாயைத் திறந்தான்.

“பாய்தான் விரிச்சிருந்த. நான் கண்ட. பேட்டன்ட் போயிரும் எண்டுதான் மறைச்ச. கயித்துக் கத லோயர்ர வேல.”

தக்சாயினி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னாள். எழுதினான். வைத்தான். அவள் பையில் இருந்து பைலை எடுத்தாள். அங்கேயே, அவன் கண் முன்னாலேயே எழுதினாள்.

‘புதுமை இல்லை. நிராகரிக்கவும்.’

தங்கரத்தினத்துக்கு நிம்மதி. ஆள் அங்கேதான் நின்றிருக்கிறான், பாயைப் பற்றித்தான் பொய் சொல்லியிருக்கிறான், பொய்ச் சத்தியத்துக்குத் தண்டம் கட்டினால் முடிந்தது என்றார். புத்தகத்தை மூடிக்கொண்டு எழும்பினார்.

காலிதீனின் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பி வந்தது. தறி தப்பியது. ஆனால் கொலைகாரனும் தப்பினான்!

சரீபா வாசல் பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் ஜவுபர் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தான்.

“அப்ப, பேட்டன்ட் இல்லையா மிஸ்?”

“இல்ல.”

“கொஞ்ச நாளைக்குப் பொறகு திரும்பிப் போட ஏலாதா?”

“ஏலாது. பாயக் கண்ட எண்டு அவரே கையெழுத்து வெச்சிட்டாரே.”

ஜவுபர் ஆறுதலாக எழும்பினான். வாயைத் துடைத்தான். சாரனை இறுக்கிக் கட்டினான். தங்கரத்தினத்தின் பக்கம் திரும்பினான்.

“சேர், அந்தப் புத்தகத்தத் திறங்க. நான் சொன்னதுல ஒரு திருத்தம் இரிக்கி.”

“ஜவுபர்... வாயப் பொத்து.”

“என்னத்துக்குப் பொத்துற காக்கா? பேட்டன்டுல பாதி தாறன் எண்ட படியாலதான் நீங்க முதல் வரிசையில நிண்ட. இப்ப பேட்டன்டும் இல்ல. நீங்களும் நிக்கல்ல.”



ஜவுபர் மைக் பிடித்தவன் மாதிரி மூச்சு விடாமல் சொன்னான். அன்றைக்குத் தானே பிந்தித்தான் வந்தானாம். ரோட்டோரத்தில் கடைசி வரிசையில் நின்றானாம். முதல் வரிசையில் பாயா படங்கா என்று அவனுக்கும் தெரியாதாம். தொழுகை முடிந்து போகும்போது முனாப்பின் வீடு இருக்கிற தறிக்கார ஒழுங்கைக்குள் இருந்து காலிதீன் மோட்டார் சைக்கிளில் வந்தானாம். பின்னால் பாய்ச் சுருள். சாரனில் சிவப்பு. கேட்டதற்கு, பாதிப் பங்கு என்று மட்டும் சொன்னானாம். ஜவுபர் அதற்குப் பிறகு வேறு ஒன்றும் கேட்கவில்லையாம்.

இவனும் ஒரு மனிதன்! ஒரு உயிருக்குப் பாதிப் பேட்டன்ட் விலை பேசினவன், பேட்டன்ட் செல்லாது என்றதும் மனச்சாட்சி வந்து குதிக்கிறான்.

காலிதீன் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தான். தங்கரத்தினம் முதல் தடவையாகத் தன் சம்பளத்துக்கு ஒரு வேலை செய்தார். காலிதீனின் கையை முறுக்கிச் சுவரோடு சாய்த்தார்.

பிறகு காலிதீனின் வாயில் இருந்து எல்லாம் கொட்டிற்று. ஊர் முழுக்கத் தொழுகைக்குப் போய்விடும், பாயை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்துக் கொட்டிலுக்குள் புகுந்திருக்கிறான். பிந்திக் குளித்து, உடுத்து, திடலுக்கு ஓட வெளிக்கிட்ட முனாப் பார்த்துவிட்டான். பாயின் இரண்டு முனையையும் இரண்டு பேரும் இழுத்தார்கள். கைக்கு எட்டின கட்டையால் காலிதீன் அடித்தான். பிணத்தைத் தறிக்குழியில் தள்ளினான். மேல்கட்டையின் கயிற்றை அறுத்து மேலே விழுத்தினான். நெசவாளி என்றால் எந்த நாளும் தறியில்தான் இருப்பான் என்பது அந்தக் கடைக்காரனின் நினைப்பு.

அதைப் பொலிசும் நம்பியதுதான் அவன் அதிர்ஷ்டம்.

சரீபா திரும்பி அவனைப் பார்க்கவும் இல்லை. தக்சாயினியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். நாளைக்குத் தறியை ஓட்டலாமா என்று. இன்றைக்கே ஓட்டலாம் என்றாள் தக்சாயினி. சரீபா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

கடை வாசலில் சனம் கூடிவிட்டது. நேற்றுவரை முதலாளி முதலாளி என்று வளைந்து நின்றவர்கள்தான். இன்றைக்கு எல்லாரும் தங்களுக்கு அப்போதே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்கள். பொலிஸ் ஜீப்பின் பின்கதவு திறந்தது. ஜவுபரையும் சேர்த்தே ஏற்றினார்கள். பொய்ச்சாட்சிக்குப் பாதிப் பங்கு கிடைக்காமல் போகுமா?

காலிதீன் ஒரு காலை ஜீப்பில் வைத்தவன் திரும்பினான். விலங்கு மாட்டின கையால் தக்சாயினியைக் கூப்பிட்டான். சரீபாவுக்கு மன்னிப்புச் சொல்லி அனுப்பப் போகிறான் என்று நினைத்துத்தான் அவள் கிட்டப் போனாள்.

“மிஸ்... அந்த மணல் விளிம்பு போகட்டும். டியூப் வெட்டிப் போட்ட வேல இரிக்கே, அது மட்டும் புதுசு எண்டு வராதா?”

தக்சாயினி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மறியல்ல, கம்பிக்குப் பின்னால படுக்க ஒரு பாய் குடுப்பாங்க முதலாளி. அது புதுசா பழசா எண்டு நீங்களே படுத்துப் பாத்திட்டு அறிக்க எழுதி அனுப்புங்க. அவசரமில்ல... உங்களுக்கு நிறைய வருஷம் இருக்கு.”